குட்டி வாயில் வைப்பதும் நாம் தரையில் வைப்பதும்

பழனியிலிருந்து உடுமலைக்குப் போகும் சாலையில் இருக்கும் நெய்க்காரப்பட்டிப் பக்கம், வீட்டுத் தோட்டம் என்றால் நாலு பூச்செடியோடு முடிந்துவிடுவதில்லை. வீட்டுக்குப் பின்னால் தென்னை, அதற்கப்பால் கரும்பு, பக்கத்தில் எருக்குழி, களத்தின் ஓரத்தில் உர மூட்டையும் மருந்து பாட்டிலும் அடுக்கிய கொட்டகை, வாசலில் சாமிக்குப் பறிக்க அரளி. இத்தனைக்கும் நடுவில் இரண்டு மாதக் குட்டி ஒன்று வந்து சேர்கிறது. வந்த முதல் வாரமே வீட்டில் சத்தம் ஆரம்பம்: “ஏய், துப்பு! என்னத்தையோ கவ்விக்கிட்டு ஓடுது பாரு!” கண்டதையும் தின்னாமல் குட்டியை எப்படி நிறுத்துவது என்று கேட்காத வீடு இல்லை. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது. தோட்டத்தில் குட்டியைக் கொல்லக்கூடியவற்றில் பெரும்பாலானவை தானாக முளைத்தவை இல்லை. நாம் காசு கொடுத்து வாங்கி, நாமே கலந்து, நம் கையாலேயே தரையில் வைத்தவை. ஆகவே முதலில் திருத்த வேண்டியது இடத்தை. குட்டியைப் பழக்குவது அதற்கு அடுத்த வேலை. அந்தப் பழக்கமும் அடியாலும் அதட்டலாலும் வராது.

குட்டி ஏன் எல்லாவற்றையும் கவ்வுகிறது என்று முதலில் பார்ப்போம். குட்டிக்கு வாய்தான் கை. கல்லா, கட்டையா, உயிருள்ளதா, தின்னக்கூடியதா என்பதையெல்லாம் அது பல்லாலும் நாக்காலும்தான் தெரிந்துகொள்கிறது. பிறந்த மூன்றாவது வாரம் முளைக்கத் தொடங்கும் 28 பால்பற்கள், மூன்றரை மாதத்திலிருந்து விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்களுக்கு இடம் விடுகின்றன. அந்த மாதங்களில் ஈறு நமநமவென்று இருக்கும், எதையாவது கடித்தால்தான் ஆறும். நாயின் நாக்கில் சுவை மொட்டுகள் சுமார் 1,700தான். நமக்கு ஏறத்தாழ 9,000. நாம் வாயில் வைக்க முடியாத கசப்பு அதையும் தடுத்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. மூக்கோ நம்மைவிடப் பல மடங்கு கூர்மையானது. புண்ணாக்கு வாசனையும் கருவாட்டு வாசனையும் தோட்டத்தின் மறுகோடியிலிருந்தே அதை இழுத்து வந்துவிடும். எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 25 கிலோ நாய்க்கு ஒரு வாந்தியோடு போய்விடும் அளவு, 3 கிலோ குட்டிக்கு எமனாகிவிடும். இந்த நாலைந்து மாதம் குட்டியிடம் விவேகத்தை எதிர்பார்ப்பதில் நியாயமே இல்லை. அந்த விவேகம் வீட்டாரிடம் இருக்க வேண்டும்.

தோப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தின் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தென்னையில் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டைப் பிடிக்க, ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் கலந்து ஊறவைத்துச் சிறு மண்பானைகளில் ஊற்றித் தோப்புக்குள் வைக்கும் முறை உண்டு. வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கும் முறைதான். புளித்த நாற்றத்துக்கு வண்டு வந்து விழும். அதே நாற்றத்துக்குக் குட்டியும் வரும். பானையின் வாய் அதன் மூக்குக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசின் என்ற நஞ்சு எண்ணெயோடு போகாது, பிழிந்த பிறகு சக்கையிலேயே தங்கிவிடும். சூடேற்றிப் பதப்படுத்தினால் சிதையும், ஆனால் கடையில் கட்டித் தரும் புண்ணாக்கு அப்படிப் பதப்படுத்தியதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. தின்ற உடனே ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் வாந்தி, இரத்தக்கழிச்சல், எழுந்து நிற்க முடியாத சோர்வு என்று வரும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. 1987 முதல் 1998 வரை அமெரிக்காவில் ஆமணக்கு விதை தின்றதாகப் பதிவான 98 நாய்களைப் பற்றிய ஆய்வில், சுமார் 9 சதவீதம் பிழைக்கவில்லை என்று கண்டார்கள். அது விதையைத் தின்ற நாய்களின் கணக்கு. முழு விதையை மெல்லாமல் விழுங்கினால் கெட்டியான ஓடு ஓரளவு காப்பாற்றும். அரைத்த புண்ணாக்கில் அந்த ஓடும் இல்லை. மாடித்தோட்டக்காரர்கள் இயற்கை உரம் என்று தொட்டியில் போடும் ஆமணக்குப் புண்ணாக்குக்கும் இது பொருந்தும். இயற்கை என்ற பெயர் ரிசினுக்குத் தெரியாது.

தோப்பில் இன்னொரு வழக்கம், வேர் வழியாக மருந்து கட்டுவது. கருந்தலைப் புழு, ஈரியோபைட் சிலந்தி இவற்றுக்காக இளம் வேர் ஒன்றைத் தேடிப் பிடித்து, நுனியைச் சாய்வாகச் சீவி, மருந்து ஊற்றிய சின்னப் பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்துக் கட்டி, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். புதிதாகக் கிளறிய மண்ணை மோந்து பறிக்காத குட்டி உலகத்தில் இல்லை. பல்லுக்கு அந்தப் பை ஒரு பொருட்டே இல்லை. இப்படிக் கட்டப்பட்டு வந்த மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்து சில மில்லி உள்ளே போனாலே எச்சில் ஒழுகும், கண் பாவை குறுகும், உடம்பு நடுங்கும், மூச்சு திணறும். நேரம் மணிக்கணக்கில் இல்லை, நிமிடக்கணக்கில் போகும். கொட்டகையில் இருக்கும் பழைய சரக்கும் இதே வகைதான். 2018 ஆகஸ்ட் மாதம் மத்திய அரசு பிறப்பித்த உத்தரவின்படி போரேட் குருணை 2020 டிசம்பர் 31 முதல் தடைசெய்யப்பட்டது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. சட்டம் கடையில் விற்பனையை நிறுத்தும். கொட்டகை மூலையில் வாய் பிரித்து வைத்த அரைப் பையை அது எட்டாது. அதை எடுத்துப் பூட்டி வைக்க வேண்டியது வீட்டுக்காரர்தான்.

நெல், கரும்பு, தென்னை மூன்றும் இருக்கும் ஊரில் எலி இல்லாமல் இருக்காது. எலி இருந்தால் எலி மருந்தும் இருக்கும். இதில் இரண்டு வகையைப் பிரித்து அறிந்துகொள்வது உயிர் காக்கும். கருஞ்சாம்பல் தூளாக வரும் ஜிங்க் பாஸ்பைடை அரிசிப் பொரியிலோ கருவாட்டிலோ எண்ணெய் விட்டுப் பிசைந்து வைப்பார்கள். வயிற்று அமிலம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்பும். சோறு போட்டால் அமிலம் இன்னும் சுரக்கும், வாயுவும் கூடும். அதனால்தான் இதைத் தின்ற நாய்க்கு எதையும் ஊட்டக்கூடாது. அது வாந்தி எடுக்கும்போது வரும் வாயு பக்கத்தில் இருக்கும் மனிதரையும் பாதிக்கும் என்பதால், மூடிய அறைக்குள் வைத்துக்கொள்ளவும் கூடாது. இன்னொன்று கட்டியாக வரும் புரோமடயலோன். இது இரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்ற அன்றும் மறுநாளும் குட்டி துள்ளி விளையாடும். மூன்று நாள், ஐந்து நாள் கழித்துத்தான் ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, உள்ளே இரத்தம் கசிந்து படுத்துவிடும். ஆனால் தின்றது தெரிந்த அன்றே கால்நடை மருத்துவரிடம் போனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற முடியும். “நேற்றுத் தின்றது, இன்றைக்கு நல்லாத்தானே இருக்கு” என்று விட்டுவிடுவதுதான் இதில் உயிரைக் குடிப்பது. மருந்து தின்று செத்த எலியைக் குட்டி கவ்வுவதும் ஆபத்து, ஆகவே செத்த எலியைத் தேடி எடுத்து ஆழப் புதைப்பதும் மருந்து வைக்கும் வேலையில் சேர்ந்ததுதான்.

செடிகளுக்கு வருகிறேன். நீளமான நச்சுச்செடிப் பட்டியலைப் படித்துவிட்டுத் தோட்டத்தையே வெட்டிப் போட வேண்டியதில்லை. எது கொல்லும், எது வயிற்றைக் கலக்கிவிட்டுப் போகும் என்று பிரித்தால் போதும். கொல்லும் வரிசையில் முதலில் நிற்பது செவ்வரளியும் மஞ்சள் அரளியும். இலை, பூ, பட்டை, விதை எல்லாவற்றிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உண்டு, காய்ந்த பிறகும் அது போகாது. நின்ற செடியைக் குட்டி அவ்வளவாகத் தின்னாது. கவாத்து வெட்டிக் குவித்த கிளையையும், சாமி படத்திலிருந்து கழற்றிக் கொல்லைப் பக்கம் எறிந்த மாலையையும் இழுத்துப் போட்டுக் கடிக்கும். அடுத்தது நம் மாநில மலரான செங்காந்தள். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். களத்தில் காய வைத்திருக்கும் நாள்களில் குட்டி அந்தப் பக்கம் போகவே கூடாது. நர்சரிகளில் அழகுக்காக விற்கும் சைக்கஸ், கல்லீரலைச் சிதைப்பது. அதைத் தின்ற 60 நாய்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இறந்துபோனது. ஊமத்தை, குன்றிமணி, வேலியோர ஆமணக்கு, காட்டாமணக்கு இவையும் பிடுங்கிப் போட வேண்டியவை. பணச்செடியும் டைஃபன்பேக்கியாவும் வாயைப் புண்ணாக்கும், கற்றாழை கழிச்சல் உண்டாக்கும். செம்பருத்தி, மல்லிகை, ரோஜா, துளசி இவற்றைக் குட்டி கடித்தால் செடிதான் பாவம்.

மிச்சம் இருப்பது அடுப்படியிலிருந்து தோட்டத்துக்குப் போகும் குப்பை. சின்ன வெங்காயம் விளையும் மாவட்டம் நம்முடையது. அதன் தோலும் அழுகலும் எருக்குழிக்குத்தான் போகிறது. நாயின் எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் போனாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கலாம். 3 கிலோ குட்டிக்கு அது ஒரு கைப்பிடிகூட இல்லை. பூண்டு இன்னும் கடுமையானது. திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தை ஒரேயடியாக முடக்கும். விசேஷ வீட்டுப் பாயச இலையில் ஒட்டியிருக்கும் திராட்சையும் இதில் சேரும். இதற்குக் காரணம் அதிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் 2021இல் சொன்னார்கள். அந்த அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் அதே சிறுநீரகக் கோளாறு வந்ததை மறு ஆண்டு வெளிவந்த கட்டுரை பதிவு செய்தது. புளிய மரத்தடியில் உதிர்ந்த பழத்தையும் இனி யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நஞ்சே இல்லாமல் கொல்வதும் உண்டு. மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையும் மாங்கொட்டையும் குடலில் அடைத்துக்கொண்டால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். பூசணம் பிடித்த சோறும் ரொட்டியும் வலிப்பு வரவைக்கும். எருக்குழியைச் சுற்றி நாலு மூங்கில் நட்டு வலை கட்டுவதற்கு ஆகும் செலவு, இதில் எந்த ஒன்றுக்கும் ஆகும் மருத்துவச் செலவைவிடக் குறைவு.

இதற்கெல்லாம் நம்மிடம் ஆயத்தமாக இருக்கும் மறுமொழி, “வாயில்லாச் சீவனுக்கு எது ஆகும் எது ஆகாது என்று தானே தெரியும், வயிறு சரியில்லை என்றால் அருகம்புல்லைத் தேடித் தின்னும்” என்பது. இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 1,500க்கும் மேற்பட்ட நாய் வளர்ப்பவர்களிடம் விசாரித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். 68 சதவீதம் பேர் தங்கள் நாய் தினமுமோ வாரந்தோறுமோ புல் தின்பதாகச் சொன்னார்கள். தின்பதற்கு முன் உடம்பு சரியில்லாமல் இருந்தவை பத்தில் ஒன்றுகூட இல்லை. தின்ற பிறகு வழக்கமாக வாந்தி எடுத்தவை நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆக, புல் தின்பது நாய்க்குச் சாதாரணப் பழக்கம், அதில் வைத்தியம் ஒன்றும் இல்லை. காட்டில் வாழ்ந்த அதன் மூதாதைக்கு வேண்டுமானால் அங்கிருந்த காய் கனிகளைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்கலாம். புரோமடயலோன் கட்டியைப் பற்றியும் ஊறவைத்த புண்ணாக்கைப் பற்றியும் எந்த மூதாதையும் அதற்குச் சொல்லித் தரவில்லை. கருவாட்டில் பிசைந்து வைத்த மருந்து, மோந்து பார்த்து ஏமாற வேண்டும் என்றே செய்யப்பட்டது. எலியை ஏமாற்றும் வாசனை குட்டியையும் ஏமாற்றும்.

“தெருநாய்கள் என்னென்னவோ தின்கின்றன, சாகவா செய்கின்றன?” என்பார்கள். சாகின்றன என்பதுதான் பதில். தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பகுதி ஒரு வயதைத் தாண்டுவதில்லை. வண்டியில் அடிபட்டும், நோய் வந்தும், நஞ்சு தின்றும் போய்விடுகின்றன. நம் கண்ணில் படுவது தப்பிப் பிழைத்த நாய் மட்டும். பிழைத்ததை எண்ணிவிட்டுப் போனதை எண்ணாமல் விட்டால் எந்த ஆபத்தும் சின்னதாகத்தான் தெரியும். ஒரு முறை தின்றும் ஒன்றும் ஆகவில்லை என்ற அனுபவமும் இப்படித்தான். தின்ற அளவு, மென்றதா விழுங்கியதா, அன்றைக்கு வயிறு நிறைந்திருந்ததா என்பதையெல்லாம் பொறுத்து ஒரு நாள் தப்பிக்கும். அடுத்த நாளுக்கு அது உத்தரவாதம் இல்லை.

இவற்றைவிட நியாயமான கேள்வி ஒன்று தோப்புக்காரரிடம் இருக்கிறது. வண்டு மரத்தைக் கொன்றால் வருமானம் போகும், எலி தின்றால் காய் போகும், ஒரு நாய்க்குட்டிக்காக இதையெல்லாம் விட முடியுமா? விடச் சொல்லவில்லை. எந்த மருந்தும் இல்லாமல் இங்கே விவசாயம் நடக்கும் என்று சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை. ஆனால் வண்டுக்கு ரைனோலூர் என்ற இனக்கவர்ச்சிப் பொறி இருக்கிறது. வாளியை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் வண்டுக்கு எட்டும், நாய்க்கு எட்டாது. வண்டு முட்டையிட்டுப் புழுவாக வளரும் எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சணத்தைக் கலந்துவிட்டால் புழுவிலேயே தீர்ந்துபோகும். எலி ஏறாமல் தென்னந்தண்டில் ஆள் உயரத்துக்கு மேல் தகரம் சுற்றுவது நம் ஆட்களுக்குப் புதிதில்லை. எலிக்கட்டி வைத்தே ஆக வேண்டும் என்றால், எலி மட்டும் நுழையும் அளவில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுக்குள் வைத்து, குழாயை முளையடித்துக் கட்டி, எண்ணி வைத்து, மீந்ததை எண்ணி எடுத்துவிடலாம். பண்டிகைக்கு அரளி வேண்டும் என்றால் வேலிக்கு வெளியே வைத்துக்கொண்டு, உதிர்ந்த பூவையும் வெட்டிய கிளையையும் அன்றன்றே அள்ளிவிடலாம். பயிருக்கும் குட்டிக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மருந்தை எந்த உயரத்தில், எதற்குள் வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

“கட்டிப் போட்டுவிட்டால் தீர்ந்தது” என்பது சுலபமான யோசனை. சிறிது நேரம் கட்டுவதில் தப்பில்லை, மருந்தடிக்கும் நாளில் கட்டத்தான் வேண்டும். நாள் முழுக்கக் கட்டினால் அதுவே வேறு கேட்டைக் கொண்டுவரும். வேலையற்ற வாய் கயிற்றைத் தின்னும், மண்ணைத் தின்னும், எட்டும் செடியையெல்லாம் தின்னும். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம். அதைச் சங்கிலி நீளத்துக்குள் அடைத்தால் பயந்த நாயோ கடிக்கும் நாயோதான் வளரும். எப்போதும் சங்கிலியில் கட்டிய நாய்க்கு நடமாட்டம் கொடுக்காமல் விடுவது, 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. கட்டுவதற்குப் பதில் இடம் ஒதுக்குங்கள். வீட்டை ஒட்டிப் பத்தடிக்குப் பத்தடி போதும். மூங்கில் தட்டியோ கோழி வலையோ கட்டி, உள்ளே நிழல், தண்ணீர், கடிக்க ரப்பர் பொம்மையோ முடிச்சிட்ட பழைய துணியோ போட்டுவிடுங்கள். நம் கண் இல்லாத நேரத்தில் குட்டி அதற்குள். நம் கண் இருக்கும் நேரத்தில், நீளக் கயிற்றோடு தோட்டத்தில்.

“ஒரு அடி வைத்தால் தானாகத் திருந்தும்” என்பவர்களுக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகக் குட்டிகளுக்கு நடப்பது இதுதான். குட்டி எதையோ கவ்வியிருக்கிறது, நாம் கத்திக்கொண்டு ஓடுகிறோம், பிடித்துத் தாடையைப் பிளந்து விரலை விட்டுப் பிடுங்குகிறோம், கோபத்தில் ஒன்று வைக்கிறோம். குட்டி இதிலிருந்து கற்றுக்கொள்வது என்ன? அந்தப் பொருள் கெட்டது என்று அதற்குப் புரியாது. மனிதர் கிட்டே வந்தால் வாயில் இருப்பது போய்விடும் என்று புரியும். அடுத்த முறை நம்மைக் கண்டதும் ஓடும், அல்லது துப்பியிருக்கக்கூடியதைச் சட்டென்று விழுங்கிவிடும், இன்னும் சில மாதம் போனால் உறுமும். நஞ்சை வாயிலிருந்து எடுக்கப் போய் வயிற்றுக்குள் தள்ளியவர்கள் ஆகிவிடுகிறோம். நாயைப் பழக்குவதில் அடியும் மிரட்டலும் வேண்டாம், வெகுமதி வழியே போதும் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவச் சங்கம் 2021இல் அறிக்கையே வெளியிட்டது. நம் பாட்டிமாருக்குத் தெரிந்த நாட்டறிவும் இதற்கு விரோதமில்லை. தவழும் பிள்ளை கத்தியை எடுத்துவிட்டால் அவர்கள் கத்தமாட்டார்கள், முறுக்கை நீட்டுவார்கள்.

குட்டிக்கும் அதே பண்டமாற்றுத்தான். வீட்டுக்குள் சாதுவான பொருள் ஒன்றில் தொடங்குங்கள், பழைய துணி போதும். குட்டி அதைக் கவ்விக்கொண்டிருக்கும்போது, வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை அதன் மூக்கருகே பிடியுங்கள். கையை நீட்டி இழுக்காதீர்கள். வாசனைக்கு வாய் தளர்ந்து துணி விழும் அந்த நொடியில் “விடு” என்று சாதாரணக் குரலில் சொல்லித் துண்டைக் கொடுங்கள். அது மெல்லும்போதே துணியை எடுத்து, மறுபடி அதனிடமே தந்துவிடுங்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கொடுத்தால் திரும்பக் கிடைக்கும், போதாததற்குக் கறியும் கிடைக்கும் என்று தெரிந்த குட்டி, கவ்வியதைத் தூக்கிக்கொண்டு உங்களிடமே ஓடி வரும். சொல் பிடிபட்ட பிறகு, முதலில் “விடு” என்று சொல்லி அது விட்ட பிறகு கறியைக் காட்டுங்கள். பொருளை மெல்ல மெல்ல அதற்குப் பிடித்ததாக மாற்றுங்கள்: துணி, செருப்பு, குச்சி, எலும்பு. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். தாத்தா “போடு” என்றும் பேத்தி “துப்பு” என்றும் சொன்னால் குட்டி யார் பேச்சைக் கேட்கும்?

“விடு” பழகியதும் “வேண்டாம்”. மூடிய கைக்குள் கறியை வைத்து மூக்கருகே நீட்டினால் குட்டி நக்கும், பிறாண்டும். பேசாமல் இருங்கள். சலித்துப்போய் முகத்தைத் திருப்பிய நொடியில் “வேண்டாம்” என்று சொல்லி, மற்றக் கையிலிருந்து வேறொன்றைக் கொடுங்கள். தரையில் இருப்பதை விட்டால் மேலே இருந்து நல்லது வரும் என்று அதற்கு உறைக்க வேண்டும். பிறகு தரையில் வைத்துக் கையால் மூடி, பிறகு மூடாமல், பிறகு கயிற்றோடு தோட்டத்தில் நடந்தபடி. மண்ணையே விடாமல் தின்கிற குட்டிக்கு மட்டும் பழக்கத்தால் பலன் குறைவு. கொக்கிப்புழுவால் இரத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்த்துக் குடற்புழு மருந்து கொடுத்தால் பாதி தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் தேரையைக் கவ்வி நுரை தள்ளினால் தலையைத் தாழ்த்திப் பிடித்து, ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் திரும்பத் திரும்பத் துடைத்துவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இவ்வளவு பழக்கினாலும் அதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்பதால்தான் இடத்தை முதலில் சொன்னேன். “விடு” என்ற சொல் நாம் பார்க்கும்போதுதான் வேலை செய்யும். பானையை நக்குவது நாம் பார்க்காதபோது. அப்படித் தின்றே விட்டால் அடுத்த அரை மணி நேரம்தான் முக்கியம். நம் வீடுகளில் முதலில் நடப்பது கை வைத்தியம்: உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர், எண்ணெய், மோர். ஒன்றும் வேண்டாம். உப்புக் கரைசல் சின்ன உடம்பில் சோடியத்தை ஏற்றி அதுவே வலிப்பைக் கொண்டுவரும். புளியின் கேட்டை மேலே பார்த்தோம். தொண்டையில் ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் தப்புவது கடினம். வாந்தி எடுக்க வைக்கலாமா என்பது என்ன தின்றது, எப்போது தின்றது என்பதைப் பொறுத்து மருத்துவர் எடுக்கும் முடிவு. நாம் செய்ய வேண்டியவை மூன்று. மீதிப் பொருளையும் அட்டையையும் பாட்டிலையும் வாந்தியையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொள்வது, தின்ற நேரத்தைக் குறித்துக்கொள்வது, தாமதிக்காமல் கிளம்புவது. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண் இருக்கிறது. உடுமலைக்கு அருகே பண்ணைக்கிணறில் 2020இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பழனியிலோ உடுமலையிலோ இரவில் யார் பார்ப்பார்கள் என்று குட்டியைக் கொண்டுவந்த வாரத்திலேயே விசாரித்து எண்ணைச் சுவரில் எழுதி வைப்பது புத்திசாலித்தனம். அவசரத்தில் தேடினால் கிடைக்காது.

“ஒரு நாய்க்காக இவ்வளவா?” என்று கடைசியாகக் கேட்கலாம். அந்தப் பானை, அந்தப் பை, அந்தக் கொட்டகை, அந்த எலிக்கட்டி எல்லாமே தவழும் பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில்தான் இருக்கின்றன. எலிப் பசையை அரசு தடை செய்தது நாய்களுக்காக இல்லை, அதனால் செத்த மனிதர்களுக்காக. குட்டிக்காகச் சரிசெய்த தோட்டம் பிள்ளைக்கும் கன்றுக்கும் கோழிக்கும் சேர்த்துச் சரியாகிறது. குட்டிக்காக மட்டுமே என்றாலும் செய்ய வேண்டியதுதான் என்பது என் கட்சி. தாயிடமிருந்து பிரித்து நம் தோட்டத்துக்குத் தூக்கி வந்தது நாம், நஞ்சை அங்கே வைத்ததும் நாம். ஆகவே இன்றைக்கே முட்டி போட்டு, குட்டியின் உயரத்திலிருந்து தோப்பையும் கொட்டகையையும் ஒரு சுற்றுப் பாருங்கள். எட்டும் நஞ்சை இன்றைக்கே அகற்றுங்கள். இந்த வாரத்துக்குள் எருக்குழிக்கு வலையும் குட்டிக்கு ஒரு முற்றமும் கட்டுங்கள். அதன் பிறகு “விடு”வும் “வேண்டாம்”மும், நிலைப்பல் முளைக்கும்வரை, தினமும். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.